சளியும் இருமலும் கண்ட காவல் நாயைப் பராமரிக்கும் முறை

கொஸ்லந்தைப் பகுதியில் மரக்கறிப் பாத்தியோ நெல்வயலோ உடையவர்களுள் நாய் வளர்க்காதவர் மிகச் சிலரே. போஞ்சி காய்க்கும் காலத்திலும் நெற்கதிர் பால்பிடிக்கும் காலத்திலும் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் இரவில் இறங்கி வருகின்றன. காவற்குடிலில் இருப்பவர் கண்ணயர்ந்தாலும் நாய் விழித்துக்கொண்டு குரைக்கும். அவ்வாறிருந்தும், பசு தீனெடுக்காவிட்டால் அன்றே மிருக வைத்தியரைத் தேடிச் செல்லும் கமக்காரர், நாய் இருமினால், “மழையில் நனைந்துவிட்டது, தானே தேறிவிடும்” என்று விட்டுவிடுகின்றார். பல வேளைகளில் அது தேறியும் விடுகின்றது. தேறாத வேளைகளில் நாய் இறக்கின்றது. சில வேளைகளில் அதனைக் கையாண்டவரின் உயிருக்கே ஆபத்து நேர்கின்றது. எந்த இருமலை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், எதற்கு வைத்தியரை நாடவேண்டும், எந்த நாயின் வாயில் கையே வைக்கலாகாது என்பனவற்றை அறிந்துகொள்வது ஆகையால் அவசியமாகும்.

ஐப்பசி தொடங்கித் தை வரையில் வடகீழ்ப் பருவமழையும் மூடுபனியும் ஊவா மலைச்சரிவுகளில் நீடிக்கின்றன. இக்காலத்தில் நாய்கள் ஈரத்துக்கு ஒதுங்கி, லயத்து வாசலிலும் அடுப்படி ஓரத்திலும் ஒன்றோடொன்று நெருங்கிப் படுக்கின்றன. குளிரும் ஈரமும் தாமாக நோயை உண்டாக்குவதில்லை. உடலைத் தளரச் செய்கின்றன. நோயைக் கொடுப்பது பக்கத்தில் படுத்திருக்கும் நாயின் மூச்சும் தும்மலுமே.

நாயின் நோயை அறிய உதவிய ஒரு பிராணி

மனிதருக்கு வரும் இன்புளுவென்சா என்னும் தடிமன் காய்ச்சலும், நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்னும் கொடிய நோயும் ஒரே ஆராய்ச்சிச்சாலையில், ஒரே பிராணியின் உதவியால் ஆராயப்பட்டன என்பதைப் பலர் அறியார். அப்பிராணி பெரற் எனப்படுவது. நமது கீரிப்பிள்ளையைப் போல நீண்ட உடலும் குறுகிய கால்களும் கொண்டது. முயலை வளையினின்றும் துரத்துவதற்காக மேல்நாட்டார் பழக்கி வளர்ப்பது. இப்பிராணிகள் டிஸ்டெம்பர் கண்டால் பிழைப்பது அரிது. 1920ஆம் ஆண்டுகளில் இலண்டன் நகருக்கு அண்மையிலுள்ள மில்கில் என்னுமிடத்தில் லெயிட்லோ, டங்கின் என்னும் இரு அறிஞர்கள் இதனைப் பயன்படுத்திக்கொண்டு, டிஸ்டெம்பர் ஒரு வைரசுக் கிருமியால் வருவதே என்று நிறுவி, அதற்குத் தடுப்பூசியும் ஆக்கினர். 1905ஆம் ஆண்டிலேயே கரே என்னும் பிரெஞ்சு மிருக வைத்தியர் அவ்வாறு கூறியிருந்தார். பலர் அதனை நம்பவில்லை.

பின்னர் 1933ஆம் ஆண்டில் அதே லெயிட்லோவும் சிமித், அன்ட்றூசு என்பவர்களும், தடிமன் காய்ச்சல் கண்ட மனிதரின் தொண்டையைக் கழுவிய நீரைப் பெரற்றுகளின் மூக்கிலே விட்டபோது அவையும் காய்ச்சல் கண்டு தும்மின. மனிதரின் இன்புளுவென்சா ஒரு வைரசு நோய் என்பது அவ்வாறே உறுதியாயிற்று. 1936ஆம் ஆண்டில் நோயுற்ற பெரற் ஒன்று ஓர் ஆராய்ச்சியாளரின் முகத்துக்கு நேரே தும்ம, இரண்டு நாட்களுக்குள் அவரும் காய்ச்சலாகப் படுத்தார். விலங்கின் தும்மலை அற்பமாகக் கருதலாகாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

பெரற் நம் நாட்டுக் கமக்காரர் வளர்க்கும் பிராணியன்று. ஆயினும் அதனிடத்து அறியப்பட்டவை நம் நாய்க்குப் பயன்படுகின்றன. டிஸ்டெம்பர் வைரசு, பிள்ளைகளுக்கு வரும் சின்னமுத்து நோயின் வைரசுக்கும், முன்னாட்களில் மாடுகளைக் கூட்டங் கூட்டமாக அழித்த மாட்டுக் கொள்ளைநோயின் வைரசுக்கும் உறவானது. மாட்டுக் கொள்ளைநோய் தடுப்பூசியினால் உலகெங்கும் ஒழிக்கப்பட்டதாக 2011ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. நாயின் டிஸ்டெம்பரோ நரி, மரநாய் முதலிய காட்டு விலங்குகளிடத்தும் தங்கியிருப்பதால் அவ்வாறு எளிதில் ஒழியக்கூடியதன்று. காடும் தோட்டமும் அடுத்தடுத்துள்ள நம் பகுதியில் இதனை மறக்கலாகாது. டிஸ்டெம்பர் மனிதருக்கு நோய் விளைப்பதில்லை என்பது ஓர் ஆறுதல்.

சாதாரண இருமலும் டிஸ்டெம்பரும்

நன்றாயிருந்த நாய் திடீரென வறட்டு இருமல் இருமி, இருமலின் முடிவில் தொண்டையில் ஏதோ சிக்கியது போல் ஓங்கரித்து, சிறிது நுரையைக் கக்கும். ஆயினும் சோற்றைக் கண்டால் ஓடிவரும், கண் தெளிவாயிருக்கும், வாலை ஆட்டும். இது பெரும்பாலும் நாய்களுக்கிடையே பரவும் தொற்றிருமலேயாம். ஒரு வாரம் முதல் மூன்று வாரங்களுக்குள் பெரும்பாலான நாய்கள் இதிலிருந்து தேறிவிடும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் கிழநாய்க்கும் மட்டும் இது நெஞ்சுச்சளியாக மாறும் ஆபத்து உண்டு.

டிஸ்டெம்பரின் தொடக்கமும் ஏறக்குறைய இவ்வாறே தோன்றும். கமக்காரர் ஏமாறுவதும் இங்கேதான். முதலில் ஓரிரு நாட் காய்ச்சல் வந்து தணியும். நாய் தேறிவிட்டதென்று வீட்டார் மகிழ்வர். சில நாட்களின்பின் காய்ச்சல் மறுபடியும் வரும். கண்ணிலும் மூக்கிலும் முதலில் நீராக வடிந்தது மஞ்சள் நிறச் சீழாக மாறி, காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும். நாய் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுக்கும். இருமலோடு வாந்தியும் வயிற்றோட்டமும் சேரும். அடிவயிற்றின் மயிரில்லாத இடத்தில் சிறு கொப்புளங்கள் காணப்படலாம். சில நாய்களின் உள்ளங்கால் மெத்தையும் மூக்கு நுனியும் தடித்துக் காய்த்துப்போகும். மூன்று முதல் ஆறு மாதக் குட்டிகளையே இந்நோய் மிகுதியாகத் தாக்கும். தடுப்பூசி போடாத பெரிய நாயும் தப்புவதில்லை.

இவற்றுள், நாய் இருமினாலும் உண்கிறதா என்பதையே முதலில் பாருங்கள். உண்ணும் நாயை இரண்டு மூன்று நாட்கள் வீட்டில் வைத்துக் கவனிக்கலாம். ஒருநாள் முழுவதும் உண்ணாத நாய், மஞ்சட்சீழ் வடியும் நாய், வயிறு எக்கி எக்கி மூச்சுவிடும் நாய் ஆகியவற்றை மறுநாள்வரை வைத்திராது வைத்தியரிடம் காட்டவேண்டும்.

காதைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சலென முடிவுசெய்வது தவறு. நாயின் உடற்சூடு இயல்பாகவே மனிதரின் சூட்டிலும் கூடியது; 101 பாகை முதல் 102.5 பாகை பரனைற்று வரை அதற்குச் சாதாரணமாகும். வெப்பமானியின் முனையில் தேங்காயெண்ணெய் தடவி, சாதுவான நாயை ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் ஆசனவாயில் மெல்லச் செலுத்தி அளக்கலாம். 103 பாகைக்கு மேற்பட்டாற் காய்ச்சலாகும். அந்த வெப்பமானியை வீட்டாருக்குப் பயன்படுத்தலாகாது.

வாயில் கையிடுமுன்

இதுவரை கூறியவற்றிலும் இப்பகுதியே முக்கியமானது. அருள்கூர்ந்து வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

தாடை தொங்கி, உமிழ்நீர் வடிந்து, தண்ணீரை விழுங்க முடியாமல் தவிக்கும் நாயைக் கண்டால், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்றெண்ணி வாயைத் திறந்து விரலிட்டுப் பார்ப்பது இயல்பான இரக்கமே. ஆனால் விசர் நோய் கண்ட நாயும் அவ்வாறே காணப்படும். விசர்நாய் எப்பொழுதும் வெறிகொண்டு ஓடிக் கடிக்கும் என்று நம்புவது சரியன்று. சில நாய்கள் குரல் மாறி, தாடை தளர்ந்து, மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். டிஸ்டெம்பர் முற்றி மூளையைத் தாக்கும்போதும் நாய் தாடையை மென்றுகொண்டே நுரை தள்ளி வலிப்புக் காணும். இவ்விரண்டையும் கண்ணாற் பார்த்துப் பிரித்தறிய எவராலும் இயலாது. எனவே இக்குறிகளுள் எதனைக் கண்டாலும் அதனை விசர் என்றே கருதிக்கொள்ளவேண்டும். நாயைத் தொடாது, இயன்றால் ஓர் அறையில் அடைத்து, பிள்ளைகளை விலக்கி, மிருக வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவியுங்கள்.

அத்தகைய நாயின் உமிழ்நீர் கையிலுள்ள கீறலிலோ கண்ணிலோ வாயிலோ பட்டுவிட்டாலும் கடித்தது போலவே கொள்க. தோலில் ஏற்பட்ட காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவவேண்டும். பீலி நீர் இதற்கு மிக ஏற்றது. கண்ணிலோ வாயிலோ பட்டால் சவர்க்காரமின்றித் தூய நீரால் நன்கு கழுவுக. அதன்பின் அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்களின் விரல்களில் எந்நாளும் சிறு வெட்டுக்கள் இருக்கும் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். இலங்கையில் 1973ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் இந்நோயால் இறந்தனர். நாய்களுக்கு ஊசி போட்டதாலும், கடியுண்டவர்கள் தாமதியாது வைத்தியசாலைக்குச் சென்றதாலும் அத்தொகை இந்நாட்களில் மிகவும் குறைந்துள்ளது. ஆயினும் நோய்க்குறி தோன்றியபின் மனிதரைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இயலாத செயலாகவே இன்னும் இருக்கின்றது.

மரக்கறிச் செய்கையாளர் நினைக்கவேண்டிய வேறொன்றும் உண்டு. காலையில் நன்றாயிருந்த நாய் மாலையில் எச்சில் வடித்து, உடல் நடுங்கி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கிக் கிடந்தால் அது பூச்சிநாசினி உட்கொண்டதன் விளைவாயிருக்கலாம். முந்தின நாள் தெளித்த மருந்தின் போத்தலை, பெயர்ச்சீட்டு அழியாமல், நாயுடன் வைத்தியரிடம் கொண்டுசெல்க. அங்கும் வெறுங்கையால் வாயைத் தொடலாகாது.

வீட்டில் செய்யும் பராமரிப்பு

டிஸ்டெம்பர் வைரசைக் கொல்லும் மருந்து எதுவும் இல்லை. நாயின் உடல் தானே போராடி வெல்லவேண்டும். அதுவரையில் அதனைத் தாங்கி நிற்பது வளர்ப்பவரின் கடமை. வைத்தியர் கொடுக்கும் மருந்துகளும் பின்தொடர்ந்து வரும் நெஞ்சுச்சளியையும் வயிற்றோட்டத்தையும் தடுப்பதற்கே. ஆகையால் மருந்தைப் பார்க்கிலும் கையின் பராமரிப்பே இங்குப் பெரிது.

படுக்கை உலர்ந்ததாயிருத்தல் வேண்டும். சீமேந்துத் தரையில் பலகையிட்டு, அதன்மேல் வெயிலிற் காய்ந்த சாக்கை விரிக்கலாம். உரச்சாக்கும், மருந்துப் பெட்டிகள் கட்டிவந்த சாக்கும் கூடாது. குளிருக்காக அடுப்படியில் படுக்கவிடுகிறவர்கள் பலர். சூடு நல்லதுதான், விறகுப்புகை இருமலை வளர்க்கும். மருந்து தெளிக்கும் இயந்திரமும் களைநாசினியும் வைத்திருக்கும் கொட்டிலில் நோயுற்ற நாயைக் கட்டிவைப்பது பெருந் தவறாகும். இருமும் நாயின் கழுத்தில் சங்கிலி இறுகினால் ஒவ்வோர் அசைவுக்கும் இருமல் எழும். மார்பைச் சுற்றிச் செல்லும் அகன்ற துணிப்பட்டியில் கட்டுக. இரவுக் காவலுக்கு அனுப்பாதீர்கள்; பன்றியைத் துரத்தி ஓடிய மறுநாள் நாயின் இருமல் இருமடங்காவதைக் காண்பீர்கள்.

கண்ணையும் மூக்கையும் நாளுக்கு மூன்று நான்கு முறை துடைக்கவேண்டும். அரை லீற்றர் நீரைக் கொதிக்கவைத்து, ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, இளஞ்சூடாக ஆறவிடுக. சுத்தமான பஞ்சை அதில் தோய்த்து, ஒட்டிய சீழை ஊறவைத்து மெல்ல எடுக்கவேண்டும், உரித்தெடுத்தால் புண்ணாகும். ஒரு கண்ணுக்குப் பயன்படுத்திய பஞ்சை மறு கண்ணுக்குப் பயன்படுத்தாது எரித்துவிடுக. வெடித்த மூக்கு நுனியின் வெளிப்புறத்தில் தேங்காயெண்ணெய் சிறிது தடவலாம். மூக்கினுள் எண்ணெய் விடலாகாது, அது நெஞ்சுக்குள் இறங்கும்.

மூக்கடைத்த நாய் உண்ணாமைக்குக் காரணம் பசியின்மை மட்டுமன்று. நாய் மணத்தாலேயே உணவை அறிகின்றது. மணம் தெரியாதபோது சோறும் கல்லும் அதற்கு ஒன்றே. ஆகவே மூக்கைத் துடைத்த உடனே உணவு கொடுங்கள். குழைந்த சோற்றை இளஞ்சூடாக்கி, உப்பிடாத மீன் அவித்த நீரையோ அவித்த முட்டையையோ பிசைந்து, கையளவாக நாலைந்து வேளை கொடுக்கலாம். நெத்தலிக் கருவாடாயின் பலமுறை கழுவி உப்பு நீக்கியபின் அவிக்கவேண்டும். முதற் கவளத்தை விரலில் எடுத்து மூக்கினருகே காட்டினால் பல நாய்கள் நக்கத் தொடங்கும். வெங்காயமும் உள்ளியும் போட்ட கறி நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். மிஞ்சிய கறிச்சோற்றைக் கொட்டுவது நம் வழக்கமாதலால் இதனைக் கூறவேண்டியதாயிற்று. வயிற்றோட்டம் உள்ளபோது பாலும் வேண்டாம்.

உணவிலும் நீர் முக்கியம். பத்துக் கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை லீற்றர் நீர் தேவை. வாந்தியும் கழிச்சலும் இருந்தால் அதனிலும் கூடுதலாக வேண்டும். தோள்மேல் தோலை இரு விரலால் உயர்த்தி விடுங்கள். உடனே படிந்தால் நீர் போதும். கூடாரம் போல் சிறிது நின்றால் உடல் வற்றுகின்றது என்று பொருள். பிள்ளைகளுக்குக் கரைக்கும் ஜீவனியைப் பொதியிற் கூறிய அளவு நீரிலேயே கரைத்து, சிறிது சிறிதாக நக்கவிடலாம். தலையை உயர்த்தி வாயில் ஊற்றுவது ஆபத்தானது. நீர் மூச்சுக்குழலுள் சென்று, டிஸ்டெம்பரால் சாகாத நாய் அதனாற் சாகும். நக்காத நாய்க்கு நீரேற்ற வைத்தியரால் மட்டுமே முடியும்.

பனடோல் என வழங்கும் பரசிற்றமோல் குளிகையை வீட்டாருக்குக் கொடுப்பதுபோல் நாய்க்குக் கொடுக்காதீர்கள். அதன் ஈரலையும் இரத்தத்தையும் அது கெடுக்கும்; பூனைக்கோ ஒரே குளிகை உயிரைக் குடிக்கப் போதுமானது. உடல்வலிக்கு நாம் உட்கொள்ளும் புரூபன், டைக்குளோபினக் முதலியன நாயின் இரைப்பையில் புண்ணை உண்டாக்கும். முன்னர் எவருக்கோ கொடுத்து எஞ்சிய நுண்ணுயிர்கொல்லிக் குளிகைகளும் அவ்வாறே பயனற்றவை. எதனை, எவ்வளவு, எத்தனை நாள் என்பது வைத்தியர் தீர்மானிக்கவேண்டிய விடயம்.

மற்ற நாய்களைக் காத்தல்

இருமல் கண்ட நாயை அன்றே பிரித்து வைத்து, குணமாகித் தோன்றிய பின்னரும் இரண்டு வாரம் தனியாக வைக்கவேண்டும். டிஸ்டெம்பராயின் கிருமி பல வாரங்கள், சிலவற்றில் மூன்று நான்கு மாதங்கள் வரை வெளிப்படக்கூடும். வைத்தியர் சொல்லும்வரை விடலாகாது. லயங்களில் வீடுகள் சுவரோடு சுவராக இருப்பதால், பக்கத்து வீட்டாருக்கும் உடனே சொல்லிவிடுவது நன்று. இதில் வெட்கப்பட ஏதுமில்லை. நல்ல நாய்களுக்கு முதலில் உணவு வைத்துவிட்டுக் கடைசியில் நோயுற்றதைக் கவனித்து, பின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி உடையை மாற்றுங்கள். இந்த வைரசு வெளியில் நெடுநாள் வாழ வலிமையற்றது. வெயிலும் சவர்க்கார நீரும் உலர்ச்சியும் அதனை விரைவில் அழித்துவிடும். வைத்தியரிடம் கொண்டுசெல்லும்போதும் அங்கே காத்திருக்கும் குட்டிகளிடையே நாயை நிறுத்தாது, வெளியே வைத்துவிட்டு முதலில் நீங்கள் உள்ளே சென்று சொல்லுங்கள்.

இறந்த நாயை ஓடையிலோ பீலிக்கு மேற்பக்கத்திலோ எறியக்கூடாது. நீர்நிலைக்கு விலகிய இடத்தில் ஆழமாகப் புதைக்கவேண்டும். விசர் என்று ஐயமிருந்தால் புதைக்குமுன் வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும். தலையைச் சோதித்து உறுதிசெய்ய அவரே ஏற்பாடு செய்வார்.

தடுப்பூசியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. அரசாங்கத்தார் இலவசமாகப் போடும் ஊசி விசர் நோய்க்கு மட்டுமே உரியது. அதனைப் போட்ட நாய்க்கு டிஸ்டெம்பர் வராதென்று எண்ணியிருப்போர் பலர். டிஸ்டெம்பருக்கு வேறு ஊசி உண்டு. வேறு சில நோய்களுக்கான மருந்தும் அதனுடன் சேர்ந்தேயிருக்கும். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாகப் பதினாறு வாரம் வரை போட்டு, ஓராண்டின்பின் மறுபடியும் போடவேண்டும். ஒரேயோர் ஊசியுடன் நிறுத்தினால், தாய்ப்பாலில் வந்த காப்பு அதனைப் பயனற்றதாக்கியிருக்கக்கூடும். இதற்குப் பணம் செலவாகும் என்பது உண்மையே. ஒரு தோட்டத்துப் பிரிவில் குட்டிகள் வைத்திருப்போர் பலர் சேர்ந்து ஒரே நாளில் வைத்தியரை அழைத்தால், போக்குவரத்துச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். நோய் ஏற்கனவே கண்ட நாய்க்கு இந்த ஊசி மருந்தாகாது.

பண்டாரவளையிலிருந்தோ வெல்லவாயவிலிருந்தோ உறவினர் கொடுத்த குட்டியைக் கொண்டுவந்தால், எவ்வளவு துள்ளலாயிருந்தாலும் இரண்டு வாரம் பழைய நாயோடு சேர்க்காதீர்கள். கிருமி உட்புகுந்து நோய் வெளிப்பட ஒன்று இரண்டு வாரங்கள் செல்லும்.

டிஸ்டெம்பரிலிருந்து தேறிய நாயைச் சில வாரங்கள் அவதானித்திருக்கவேண்டும். மூக்கும் வயிறும் சீரானபின்னர் ஒரு காலோ தாடையோ தானாகத் துடிக்கத் தொடங்கலாம். வலிப்பாக மாறினால் வைத்தியரைக் கேட்டறிய வேண்டும். வலிப்பு வரும்போது தொடலாகாது. துடிப்பு மட்டும் நிலைத்துவிட்ட நாய்கள் பல, உண்டு உறங்கி, பல ஆண்டுகள் வாழ்கின்றன. அத்தகைய நாயைப் பன்றியைத் துரத்த அனுப்பலாகாதேயொழிய, குடிலின் வாசலிற் படுத்துக் குரைப்பதற்கு அக்கால் தடையாகாது. ஆண்டுதோறும் போடும் விசர்த் தடுப்பூசியை அதற்கும் தவறாது போடுவித்து, அட்டையைக் குடும்ப அட்டையோடு பத்திரமாக வைத்திருங்கள்.